லீவு கேட்டவருக்கு வேலையே போகப் பார்த்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

பின்னாடி சடசடன்னு கேக்குதே, அது மைக் கோளாறு இல்ல. ஐந்தருவி போற ரோட்டுல ஒரு டீக்கடைத் தகரக் கூரை மேல சாரல் விழுற சத்தம். குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு.

சீசன்னா உங்களுக்கு ஐபிஎல் சீசனா இருக்கலாம், வெப் சீரிஸோட ரெண்டாவது சீசனா இருக்கலாம். தென்காசிக்காரனுக்கு அது ஒண்ணே ஒண்ணுதான். தென்மேற்குப் பருவக்காத்து, சாரல், அருவியில தண்ணி. அரபியில சீசனுக்கு 'மவ்ஸிம்'னு பேரு. அந்த வார்த்தைதான் போர்த்துகீசிய மொழி வழியா இங்கிலீஷுக்குப் போய் 'மான்சூன்' ஆச்சு.

இன்னொண்ணு சொல்றேன். அமெரிக்க இங்கிலீஷ்ல 'ஃபால்'னா இலையுதிர் காலம். அரபியில அது 'கரீஃப்'. ஆனா ஓமன்ல சலாலா ஊர்ப்பக்கம் 'கரீஃப்'னா இலை உதிராது. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தூறல் விழுந்து மலையெல்லாம் பச்சையாகும், நம்ம குற்றாலம் மாதிரியே. அதே தென்மேற்குக் காத்துதான் அங்கேயும். அதே 'ஃபால்' கீழ விழுறதுன்னா அரபியில 'சுகூத்'. அருவின்னா 'ஷல்லால்'. இந்த ஒத்தை வார்த்தையை மட்டும் கொடுத்து அரபியில எழுதுங்கன்னா, மொழிபெயர்க்கிறவர் என்ன பண்ணுவார்?

இது எனக்கு எப்படி உறைச்சதுன்னு சொல்றேன். அப்போ நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். தென்காசி, கடையநல்லூர் பக்கம் நிறைய வீட்டுல யாராவது ஒருத்தர் வளைகுடாவுல இருப்பாங்க. எங்க பக்கத்து வீட்டு அண்ணன் சவுதியில, தம்மாம்ல வேலை பார்த்தார். அவர் முதீருக்கு, அதாவது மேனேஜருக்கு, அரபி மட்டும்தான் தெரியும். ஒருநாள் வாய்ஸ் மெசேஜ் போட்டார். "தம்பி, அடுத்த மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். லீவு வேணும்னு அரபியில எழுதி அனுப்புடே."

நான் கெத்தா மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து, 'ஐ வாண்ட் லீவ்'னு டைப் பண்ணினேன். வந்த அரபியை அப்படியே அனுப்பினேன். ரெண்டு நிமிஷ வேலை.

லீவுக்கு அரபியில 'இஜாஸா'. கிளம்பிப் போறதுக்கு 'முகாதரா'. ஆப் ரெண்டாவதை எடுத்துக்கிச்சு. முதீர் படிச்சது, 'நான் கிளம்பணும், தங்கச்சிக்குக் கல்யாணம்'னு. சரி, இவன் வேலையை விட்டுப் போறான்னு அவர் முடிவு பண்ணிட்டார். சவுதியில ஊருக்குப் போய்த் திரும்பி வர ஒரு விசா, ஒரேயடியா வெளியேற வேற விசா. அண்ணனுக்கு ரெண்டாவதுக்குப் பேப்பர் தயாராக ஆரம்பிச்சது. கூட வேலை பார்த்த ஒரு மலையாளிதான் முதீர்கிட்ட கூட்டிட்டுப் போய் விஷயத்தைப் புரிய வச்சார். எல்லாம் சரியாகி அண்ணன் ஊருக்கு வந்தப்போ கல்யாணம் முடிஞ்சு நாலு நாள். பந்தல் பிரிச்சாச்சு. "அரபி தப்பாப் போச்சுல"ன்னு மட்டும் சொன்னார். நான் வாயே திறக்கல.

வருஷங்கள் கழிச்சு, இப்போ வேலை பார்க்குற கம்பெனியில, ஊழியர்கள் லீவு போடுற ஆப்புக்கு அரபி வடிவம் தயார் பண்ணினோம். டெஸ்ட் பண்றப்போ பார்த்தா, சாட் குரூப்லேர்ந்து வெளியேறுற பட்டன்ல 'இஜாஸா'ன்னு இருக்கு. விடுமுறை! மொழிபெயர்த்தவர் மேல தப்பே இல்ல. 'லீவ்'ங்கிற வார்த்தையை கோட்ல ஒரே ஒரு இடத்துல எழுதி, ரெண்டு ஸ்க்ரீன்லயும் அதையே கூப்பிட்டது நான். கோட்ல ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எழுதாதேன்னு காலேஜ்ல படிச்சோம் இல்லையா? அந்தப் பாடம் மனுஷ பாஷைக்குப் பொருந்தாது.

அதே ஆப்ல 'லீவ் பேலன்ஸ்'னு ஒண்ணு. தராசு சமமா நிக்கிற பேலன்ஸ்னா 'தவாஸுன்'. கணக்குல மிச்சம் இருக்குறதுன்னா 'ரஸீத்'. நம்ம காதுக்கு 'ரசீது' மாதிரி கேக்கும். ஆனா நம்ம ரசீது பாரசீக வேர். சம்பந்தமே கிடையாது. இதைவிட வேடிக்கை, 'கேன்சல்'. தமிழ்ல 'ரத்து'ன்னு போடுறோம். அது அரபி 'ரத்'லேர்ந்து உருது வழியா நமக்கு வந்த சொல். இன்னைக்கு அரபி ஆப்ல 'ரத்'னு ஒரு பட்டன் இருந்தா, அதை அமுக்கினா மெசேஜுக்குப் பதில் போகும். கேன்சலுக்கு அங்க 'இல்கா'. ஒரே வேரா இருந்தாலும் ஊர் மாறினா அர்த்தம் மாறிடுது.

ஆகவே, கோட் எழுதுற மக்களுக்கு நான் சொல்றது இதுதான். இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையா இருந்தாலும், அர்த்தம் ரெண்டுன்னா தனித்தனி கீ வைங்க. பக்கத்துல ஒரு வரி எழுதுங்க: 'இது பெயர்ச்சொல், விடுமுறை', 'இது பட்டன், குரூப்லேர்ந்து வெளியேற'. கெட்டெக்ஸ்ட் மாதிரி பழைய டூல்லயே இதுக்குன்னு தனி இடம் உண்டு. முடிஞ்சா ஸ்க்ரீன்ஷாட்டும் கொடுங்க. கோட் எழுதாதவங்க, ஆப்ல ஒத்தை வார்த்தையைப் போடாதீங்க. முழு வாக்கியமாப் போடுங்க. 'ரெண்டு மாசம் விடுமுறை வேணும், முடிஞ்சதும் வேலைக்குத் திரும்பி வருவேன்'னு எழுதியிருந்தா, அந்த அண்ணன் மணமேடை பக்கத்துல நின்னிருப்பார்.

போன வாரம் அவர் லீவுல வந்திருந்தார். பழைய குற்றாலத்துல குளிச்சிட்டு, தலை துவட்டிட்டு இருக்கும்போது உண்மையைச் சொல்லிட்டேன். "அன்னைக்கு அரபி தப்பு பண்ணலண்ணே, நான்தான்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "அந்த மலையாளி என்கிட்ட முதல்ல கேட்டது என்ன தெரியுமால? 'திரும்பி வருவியா'ன்னு. அதை நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருக்கலாம். இப்போ ஒவ்வொரு பட்டனுக்கும் கேக்குறேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. வர்றேன்.