பாறைக்குழிக்கு மண் மூடி போதுமா?



கட்டிங் டேபிளில் விழும் பிட்டுத் துணியைக்கூடத் திருப்பூர் வீணாக்குவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அது பஞ்சாகி, மில்லில் மறுபடி நூலாகிறது. அவ்வளவு கணக்கான ஊர், சாம்பார் மிச்சத்தையும் பாலித்தீன் பையையும் ஒன்றாகக் கட்டிப் பாறைக்குழியில் கொட்டுகிறது!

கல்லெடுத்துக் கைவிட்ட இந்தக் குவாரிகள்தான் பல ஆண்டுகளாகத் திருப்பூரின் குப்பைக் கிடங்கு. முதலிபாளையத்திலும் இடுவாயிலும் மக்கள் போராடினால், "நாற்றத்துக்காகக் கூச்சல் போடுகிறார்கள்" என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். நாற்றமாவது மூக்குக்குத் தெரியும். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது.

காற்றுப் புகாத ஆழத்தில் ஈரக் குப்பை அழுகும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

"மண் போட்டு மூடிவிட்டோமே!"

மூடினால்? மேலே வழி அடைபட்ட வாயு பக்கவாட்டில் போகும். இங்கிலாந்தின் லாஸ்கோவிலும் பழைய குவாரியில்தான் குப்பை கொட்டினார்கள். 1986 மார்ச் 24 அதிகாலை, காற்றழுத்தம் மளமளவென்று சரிந்த நேரத்தில், வாயு பாறை விரிசல்களின் வழியே நகர்ந்து ஒரு வீட்டின் தரைக்கடியில் சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டம், உள்ளேயிருந்த மூவரும் காயத்தோடு தப்பினார்கள். நம் பாறையில் விரிசலே கிடையாதா? போர்வெல் போடும் எவரையும் கேளுங்கள்.

இங்கேயும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் எரிந்தது, வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில். கொச்சி பிரம்மபுரம் 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. ஒவ்வொரு முறையும் தீயணைப்பு வண்டி வந்தது. வாயுவை உறிஞ்சும் குழாய் வரவில்லை.

சட்டம் இல்லாமலா? 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பை நிரப்பிடத்தில் வாயுவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு வேண்டும் என்றன. வெடிக்கத் தொடங்கும் அளவில் கால் பங்கை மீத்தேன் தாண்டக் கூடாது என்றன.

"செலவு கட்டுப்படியாகாது" என்பார்கள். சாயக்கழிவைச் சுத்திகரிக்கச் சொன்னபோதும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு அதே சாயத் தொழில் வழி கண்டது. இந்தூரில் 2022 முதல், நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையை வாங்கி எரிவாயுவாக்கும் ஆலை இருக்கிறது. அங்கே வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குகிறார்கள். நுட்பமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிரம்பிய குழிகளில் துளையிட்ட குழாய்களை இறக்குங்கள். வாயுவை உறிஞ்சி எரித்தாலே மீத்தேன் கரியமில வாயுவாகிவிடும். கெடுதல் பல மடங்கு குறையும். குழியைச் சுற்றியுள்ள வீடுகளிலும் கிணறுகளிலும் மாதாமாதம் மீத்தேனை அளந்து, அந்த எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இதெல்லாம் நடக்கும்வரை ஈரக் குப்பை ஏற்றிய ஒரு லாரியும் எந்தப் பாறைக்குழிக்கும் போகக் கூடாது.