ஹெபர்ட் அடிகளாரும் மட்டக்களப்பின் கூடைப்பந்தாட்டமும்



அமெரிக்காவின் தென்பகுதியிலே லூசியானா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே கல்லூரி என்றதும் பலர் நினைவுக்கு வருவது படிப்பல்ல, அமெரிக்கக் கால்பந்தாட்டமே. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையாலேயே ஆடப்படுவது. அணிக்குப் பதினொருவர். அவர்களுள் நடுநாயகமாக நிற்பவனைக் 'குவாட்டர்பாக்' என்பர். ஆட்டம் தொடங்குந்தோறும் பந்து பின்னோக்கி அவன் கைக்கே வரும். தொலைவில் நிற்பவனுக்கு எறிவதா, பக்கத்தில் ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே சுமந்து ஓடுவதா என்பதை இரண்டு மூன்று வினாடிக்குள் அவன் தீர்மானித்தாக வேண்டும். அவ்விடத்தில் ஆடும் மாணவனை ஊரே அறியும்.

அந்த மாநிலத்திலுள்ள ஜெனிங்ஸ் என்னும் ஊரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் யூஜின் ஜோன் ஹெபர்ட். பிரெஞ்சு வழிப் பெயராதலால் லூசியானாவில் அதனை 'ஏபேர்' என்று ஒலிப்பார்கள். எழுத்தைப் பார்த்து நாம் ஹெபர்ட் என்கிறோம். 1941இல் யேசு சபையிற் சேர்ந்த அவர், 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கற்பித்தார். எனினும் கிழக்கிலங்கை அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளராகவே.

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலே நிற்பது புனித மிக்கேல் கல்லூரி. 1873இல் தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு யேசு சபையார் அதனை வளர்த்தனர். பின்னர் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த அமெரிக்கக் குருமார் பொறுப்பேற்றனர். இவர்கள் தம் நாட்டின் பெருவிளையாட்டாகிய அமெரிக்கக் கால்பந்தை இங்கே நிலைநாட்டவில்லை. அது வியப்பன்று. அதற்குத் தலைக்கவசம் வேண்டும், தோட்கவசம் வேண்டும், நூறு யார் நீளப் புற்றரை வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவ்வளவையும் அணிந்து ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் மைதானத்துக்கு வருவான்?

கூடைப்பந்துக்கோ இறுகிய தரையும், இரண்டு கம்பங்களும், ஒரு பந்தும் போதும். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் அதனைத் தோற்றுவித்தார். பனிக்காலத்தில் மண்டபத்துக்குள் அடைபட்ட மாணவருக்காக எழுந்த ஆட்டம் அது. இரண்டு பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் தொங்கவிட்டார். விதிகள் எத்தனையோ மாறிவிட்டன. அந்தப் பத்தடி மட்டும் மாறவில்லை. பனிக்கு அஞ்சிப் பிறந்த விளையாட்டு வெயில் மிகுந்த வாவிக்கரையில் வேர்விட்டதை எண்ணிப் பாருங்கள்!

கூடைப்பந்திலும் குவாட்டர்பாக் போன்ற ஒருவன் உண்டு. பந்தைத் தரையில் தட்டியவாறே தன் பாதியிலிருந்து எதிரணியின் பாதிக்குக் கொண்டு செல்பவன் அவன். அதற்கு இப்போது எட்டு வினாடியே உண்டு. ஹெபர்ட் அடிகளார் பயிற்றிய காலத்தில் பத்து வினாடி இருந்தது. பெரும்பாலும் அணியிலே குள்ளமானவன் அவனாகத்தான் இருப்பான். கண் பந்தில் இருக்கலாகாது. தோழர் நால்வர் மீதும் எதிரிகள் ஐவர் மீதும் இருக்க வேண்டும். தான் எறிந்து புள்ளி பெறுவதிலும், எறியத்தக்க இடத்தில் நிற்பவனுக்குப் பந்தைச் சேர்ப்பதே அவன் முதல் வேலை. கைதட்டு வேறொருவனுக்குப் போகும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைப் பழக்குவது எளிதன்று. குறி தவறாமல் எறியப் பழக்குவதைக் காட்டிலும் இதுவே கடினம் என்பது என் கருத்து.

அகில இலங்கைப் போட்டிகளிலே மிக்கேல் கல்லூரி அணிகள் பெயர் பெற்றன. இப்பணியில் ஹெபர்ட் அடிகளார் தனித்து நிற்கவில்லை. அதே நியூ ஓர்லியன்ஸ் சபையிலிருந்து வந்த ஹரோல்ட் வெபர் அடிகளாரும் விளையாட்டுக்காகப் பெரிதும் உழைத்தவர். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிற்காலத்தில் ஹெபர்ட் அடிகளார் இளைஞருக்குக் கைத்தொழில் பயிற்றும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்தினார். வெளிநாட்டவராகிய அவர், விரும்பியிருந்தால் போர்க்காலத்திலே ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. துன்புற்ற குடும்பங்களுக்காகப் பேசும் சமாதானப் பணியில் ஈடுபட்டார்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களிலும் கொலைகளும் காணாமற் போதல்களும் தொடர்ந்தன. அயலூருக்குப் போவதற்கே மக்கள் அஞ்சிய நாட்கள் அவை. ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி அடிகளார் புறப்பட்டார். உடன் ஒரு தமிழ் இளைஞரும் சென்றார். ஏறத்தாழ இருபது மைல் தூரம். ஏறாவூரைக் கடந்தே வரவேண்டும். இருவரும் மட்டக்களப்பை வந்தடையவில்லை. அடிகளாருக்கு அப்போது வயது 66. இலங்கைக்கு வந்து 42 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

அமெரிக்கக் குரு ஒருவர் காணாமற் போனார் என்ற செய்தி கடல் கடந்தும் சென்றது. ஆனால் அந்தப் பாதையில் மறைந்தவர் இருவர். கூடச் சென்ற இளைஞருக்கும் ஒரு வீடு இருந்தது. அங்கேயும் அன்றிரவு வழி பார்த்திருந்திருப்பார்கள். இருவரின் உடல்களும் கிடைக்கவில்லை. எவரும் அதற்காகத் தண்டிக்கப்படவுமில்லை. ஆகவே வெபர் அடிகளாருக்கு ஓர் அரங்கு இருக்கிறது. ஹெபர்ட் அடிகளாருக்கும் அவ்விளைஞருக்கும், உறவினர் சென்று மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறையும் இல்லை.