வளர மறுத்தவர்கள்

வளரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் உலக இலக்கியத்தில் ஒரு கூட்டமாகவே இருக்கிறார்கள். அவர்களில் நால்வரை இன்று பார்க்கலாம். இதைக் கேட்பவர் இறக்குவானையிலோ தெரணியகலையிலோ ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்போடுதான் பேசுகிறேன்.

முதலில் பீட்டர் பான். ஜே. எம். பாரி 1904இல் லண்டனில் மேடையேற்றிய நாடகத்துப் பையன். பாரியின் அண்ணன் டேவிட், பதினான்கு வயது நிறையுமுன் பனிச்சறுக்கில் விழுந்து இறந்துபோனார். இறந்த பிள்ளைக்கு வயது ஏறாதல்லவா? தாய் அதிலேதான் ஆறுதல் தேடினார். பீட்டரின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அவனைக் கள்ளமில்லாத குழந்தை என்று கொஞ்சுகிறவர்கள் 1911இல் வந்த நாவலைப் படித்திருக்க மாட்டார்கள். தன்னோடு இருக்கும் பையன்கள் வளரத் தொடங்கினால் அவர்களைக் கழித்துக்கட்டுகிறவன் அவன். கூடவே திரிந்த டிங்கர் பெல்லை ஒரே வருடத்தில் மறந்தும் விடுகிறான். வளராதவனுக்கு நினைவும் தங்காது என்று பாரிக்குத் தெரிந்திருக்கிறது.

சாலிஞ்சர் 1951இல் எழுதிய நாவலின் ஹோல்டன் வேறு மாதிரி. பள்ளிக்கூடம் வெளியே தள்ளிய பதினாறு வயதுக்காரன். பெரியவர்கள் எல்லாரும் போலிகள் என்பது அவன் கட்சி. பல பக்கங்களில் அவன் புலம்பல் எனக்குச் சலிப்புத் தருகிறது. ஆனால் தம்பியைச் சாகக் கொடுத்தவன் என்பதை மறக்காமல் வாசித்தால் அந்தப் புலம்பலுக்குள் ஒரு துக்கம் கேட்கும்.

என் கணக்கில் நால்வரில் மூத்தவன், உயரத்தில் மிகக் குள்ளமானவன். குந்தர் கிராஸ் 1959இல் படைத்த ஒஸ்கார். மூன்றாவது பிறந்தநாளில் நிலவறைப் படிகளில் தானே விழுந்து, வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறான். தகர மேளம் ஒன்றைத் தட்டிக்கொண்டே, டான்சிக் நகரத்துப் பெரியவர்கள் ஹிட்லர் பின்னால் போவதைக் கீழிருந்து பார்க்கிறான். அந்த ஊரில் பெரியவனாவது என்றால் அந்தக் கூட்டத்தில் சேர்வதுதானே? ஆனாலும் அவனை அப்பாவியாக விடவில்லை கிராஸ். பக்கத்தில் நடக்கும் சாவுகளில் அவன் கையும் இருக்கிறது.

நமக்குச் சொந்தக்காரன் ஹென்றி; ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலின் நாயகன். வளர்ப்புத் தகப்பனின் ஊருக்கு வந்து, பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்கிறான். இவன் அடம்பிடிக்கவில்லை; சாதி, சொத்து என்ற பெரியவர்களின் கணக்கு இவனுக்கு ஏறவே இல்லை, அவ்வளவுதான். ஊரை ஜெயகாந்தன் கொஞ்சம் கூடுதலாகவே நல்லதாக்கிவிட்டார் என்பது என் குறை.

நால்வருக்கும் மறுத்து நிற்க ஓர் இடம் இருந்தது. பீட்டருக்குத் தீவு, ஹோல்டனுக்குப் பாட்டி அனுப்பிய பணம், ஒஸ்காருக்குப் பெற்றோரின் மளிகைக்கடை, ஹென்றிக்கு வீடு. நம் மலையகத் தோட்டங்களில் என்ன இருந்தது? 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று கூலி வைத்தது. பிள்ளை என்பதே அன்று அங்கே ஒரு கூலி விகிதம். பேர் பதிந்து பெரட்டுக்களத்தில் நின்றுவிட்டால் அவன் பெரிய ஆள். அதற்கு முன்பே றப்பர் மரத்தில் ஒட்டுப்பால் பிய்த்துப் பழகிய கை அது. என்.எஸ்.எம். ராமையாவிலிருந்து தெளிவத்தை ஜோசப் வரை மலையகக் கதைக்காரர்கள் உழைப்பின் பக்கமே நின்று எழுதியதில் ஆச்சரியமில்லை.

இருந்தாலும் எனக்கு ஓர் ஆசை. பேர் பதிய மாட்டேன் என்று மலை உச்சியில் போய் நிற்கும் ஒரு சப்ரகமுவப் பையனை யாராவது நாவலாக எழுத வேண்டும். பீட்டரைப் போல மறதிக்காரனாக வேண்டாம், ஒஸ்காரைப் போல எல்லாம் தெரிந்தவனாக எழுதுங்கள். வீடே ஒரே காம்பரா என்னும் லயத்தில், மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் பாக்கி இருக்காது.