தளம் போடும் முன் ஒரு கணக்கு



அணை நீரில் மீன் பிடிக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவரிடம் ஒரு சிறிய அலுமினியப் படகு இருக்கிறது. அதன் அடியில் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. வலை இழுக்கும்போது கால் இடறுகிறது. “பலகை அடித்துத் தளம் போட்டால் சமமாக நிற்கலாமே” என்று நினைக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் தளத்தை எந்த உயரத்தில் போடுவது?

வைக்கோல் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாரம் உயர உயர வண்டி ஆடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் குடை சாயும். படகும் அப்படித்தான்.

கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி அணை நீரில் இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் இன்னொரு இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அது சுற்றுலாவுக்காக மாற்றிக் கட்டிய மீன்பிடிப் படகு. ஆட்களையும் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். அவை பெரிய படகுகள். சிறிய படகு கவிழ, உயரத்தில் நிற்கும் ஒருவர் ஓரமாகச் சாய்ந்தாலே போதும்.

ஆகவே தளம் தாழ்வாக இருக்கட்டும். அடிச் சட்டங்களின் மேலேயே பலகையைப் பொருத்துங்கள்.

அடுத்தது எடைக் கணக்கு. 8 அடி நீளம், 4 அடி அகலம், 12 மி.மீ. கனமுள்ள பிளைவுட் பலகை 20 கிலோவுக்கு மேல் இருக்கும். படகு 200 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பலகைக்கு 45 கிலோ போனால் மீதி 155. இரண்டு ஆட்களுக்கு 120 கிலோ போனால் மீதி 35. வலை, துடுப்பு, மீன் எல்லாம் அந்த 35 கிலோவுக்குள் அடங்க வேண்டும். படகு தாங்கும் எடை படகில் எழுதியிருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் படகு செய்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இன்னும் சில செய்திகள்:

பலகையின் எல்லாப் பக்கமும், அறுத்த ஓரங்களிலும் பெயின்ட் அடியுங்கள். நீர் குடித்த பலகை கனக்கும்.

செம்பு, பித்தளை ஆணி வேண்டாம். ஈரத்தில் அவை அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினிய ரிவெட்டு நல்லது. படகின் அடித்தகட்டில் துளை போடாதீர்கள்.

இருக்கையின் அடியில் தெர்மோகோல் இருந்தால் எடுக்காதீர்கள். படகில் நீர் நிறைந்தாலும் மிதக்க வைப்பது அதுதான். அதன் மேல் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும்.

தளத்தில் திறந்து மூடும் ஒரு பலகை வையுங்கள். அடியில் தேங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாது. படகு சாயும்போது அந்த நீரும் அதே பக்கம் ஓடி, மேலும் சாய்த்துவிடும். அவ்வப்போது திறந்து இறைத்து விடுங்கள்.

முதலில் முழங்கால் அளவு நீரில், மணல் மூட்டை ஏற்றிச் சோதியுங்கள். பிறகு லைஃப் ஜாக்கெட் அணிந்து ஏறுங்கள்.

படகுக்காரர் காலையில் போனால் மாலையில் திரும்ப வேண்டும். கரையில் அவருக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறது. சுத்தியலை எடுக்கும் முன் பென்சிலை எடுங்கள்.