பின்னால் இடி வாங்கிய காரை எப்படிப் பார்ப்பது?

(புனே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஓய்வு பெற்ற அதிகாரி பேசுகிறார் என்றால் பென்ஷன் அல்லது வேதாந்தம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று இரண்டும் இல்லை. சிக்னலில் நிற்கும் நம் காரைப் பின்னால் வருபவர் லேசாக இடித்துவிடுகிறாரே, அதற்குப் பிறகு வண்டியில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். நம்மில் பலர் மாதம் ஒரு தரமாவது எக்ஸ்பிரஸ் வேயில் மும்பைக்குப் போய் வருகிறோம். பின் சீட்டில் உட்காருவது பெரும்பாலும் மாமியும் பேரக் குழந்தைகளும்தான்.

நான் பௌதிகம் படித்தவன். ஆகையால் ஒரே ஒரு கணக்கு. 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அப்போது அதனிடம் உள்ள சக்தி, அதே காரைச் சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைக்கும் சக்திக்குச் சமம். வேகம் 30 ஆனால் உயரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. மூன்றரை மீட்டர், அதாவது ஒரு மாடி. இதில் ஒரு பங்கு நம் வண்டியை முன்னே தள்ளுவதில் போகும். மீதி இரண்டு வண்டிகளின் தகட்டிலும் எங்கோ போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கே போகிறது? நம் கண்ணுக்குத் தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. அமுங்கும், உடனே பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதன் பின்னால் பல மாடல்களில் தெர்மோகோல் மாதிரி ஒரு நுரைக் கட்டியும், குறுக்கே ஒரு இரும்புப் பட்டையும், அதைச் சட்டத்தோடு இணைக்கும் இரண்டு தாங்கிகளும் இருக்கும். இவை நசுங்குவதற்கென்றே வைக்கப்பட்டவை. ஒரு தரம் நசுங்கினால் நிமிராது. அடுத்த இடியைத் தாங்க அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆபீஸில் ஃபைல் அட்டை புதிதாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் குறிப்பெல்லாம் சரி என்று நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. காருக்கும் அதே நியாயம்தான்.

சென்ற டிசம்பரில் கார்வே ரோடில் நின்றிருந்த என் வண்டியை ஒரு வேன் இடித்தது. பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். “ஒண்ணும் ஆகலை மாமா, விட்டுடுங்கோ” என்று கூட வந்தவர்களே சொன்னார்கள். வேன்காரர் இரண்டாயிரம் ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. வண்டி எண்ணையும் நான்கைந்து போட்டோவையும் எடுத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட்டு, மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றச் சொன்னேன். பட்டை வில்லாக வளைந்திருந்தது. இடது தாங்கி மடங்கியிருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. டிக்கிக் கதவுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விசிட்டிங் கார்டுகளை அடுக்கிச் செருகுங்கள். இடது பக்கம் பத்து போய், வலது பக்கம் ஆறுதான் போகிறதென்றால் சட்டம் நகர்ந்திருக்கலாம். பின் கதவுகளின் ஓரத்தையும் இப்படியே பார்க்கலாம். முன்பு மெதுவாக மூடிய டிக்கியை இப்போது ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறதா? பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அந்தக் குழியைப் பாருங்கள். மறைந்த சேதம் பெரும்பாலும் அகப்படும் இடம் இதுதான். தகட்டில் சுருக்கம், உதிர்ந்த பெயிண்ட், மூட்டுகளில் பூசிய பசையில் வெடிப்பு, இவற்றில் எது இருந்தாலும் அடி உள்ளே போயிருக்கிறது. வெளியே தண்ணீர் அடித்துக் குழியில் ஈரம் வருகிறதா என்றும் பார்க்கலாம். மழைக்காலம் வரை காத்திருந்தால் துரு முந்திக்கொள்ளும்.

விளக்குகள், ரிவர்ஸ் சென்சார், கேமரா, சைலன்சர் குழாய் தொங்குகிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. இடித்த வேகத்தில் நம் வண்டி முன்னால் நின்றதைப் போய் முட்டியிருந்தால், ரேடியேட்டர் அடியில் சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முன் சீட்டுகளின் சாய்மானம் ஆடாமல் பிடிக்கிறதா, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் நிற்கிறதா என்பதை அவசியம் பாருங்கள். பின்னாலிருந்து இடி வரும்போது உட்கார்ந்திருப்பவரின் முழுப் பாரமும் விழுவது சாய்மானத்தின் மேல்தான். கழுத்து வலி மறுநாள் தலைகாட்டுவதும் உண்டு. நம் வயதில் அதைத் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. எலெக்ட்ரிக் கார் என்றால் அடியில் குனிந்து நீங்களே எதையும் தொட வேண்டாம். பேட்டரியைக் கம்பெனி ஆட்கள் பார்க்கட்டும்.

டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். அதில் இருப்பது சுமார் 200 பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் ஹைட்ரோ டெஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. சிலிண்டரைப் பிடித்திருக்கும் தாங்கி, குழாய், வால்வு மூன்றையும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் காட்டிய பிறகுதான் மறுபடி கேஸ் போட வேண்டும். வாசனை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள்.

இனி பண விஷயம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையைக் கழித்துவிடுவார்கள். ஜீரோ டிப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. 1500 சி.சி. வரை உள்ள வண்டிக்கு முதல் ஆயிரம் ரூபாய் எப்படியும் நம் கையைச் சேர்ந்தது. கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போகும். ஐந்து வருஷம் சேர்த்தவருக்கு அது 50 சதவீதம். ஆகவே வெறும் கீறலுக்காகக் கிளெய்ம் செய்வதில் லாபமில்லை. ஆனால் உள்ளே என்ன என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது.

கடைசியாக ஒன்று. சர்வேயர் முதலில் வெளிச் சேதத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். கழற்றிய பின் வேறு சேதம் தெரிந்தால், கழற்றிய நிலையிலேயே வேலையை நிறுத்தச் சொல்லி, போட்டோ எடுத்து, அவரை மறுபடி வரவழையுங்கள். அதற்குச் சப்ளிமெண்டரி எஸ்டிமேட் என்று பெயர். புதுப் பட்டையை மாட்டிவிட்டுக் கேட்டால் பழையது எங்கே என்பார். நான் வளைந்த பட்டையை ஒர்க்‌ஷாப்பிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லி, பணம் வந்த பிறகுதான் பழைய இரும்புக்குப் போட அனுமதித்தேன்.