வலியில்லாத வெண்திட்டு



பயிரின் இலையில் வெண்புள்ளி கண்டால், அன்றே வேளாண்மை அலுவலரைத் தேடிச் செல்கிறோம். நம் வாயினுள் வெண்திட்டு கண்டாலோ, "வலிக்கவில்லையே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அபாயம் அந்த வலியின்மையிலேதான் இருக்கிறது.

வெண்திட்டுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கைக்குழந்தைகளுக்கும், நீரிழிவு உள்ளோருக்கும், பொய்ப்பல் கட்டியோருக்கும் ஒருவகைக் காளானால் தயிர் ஏடு போன்ற படலம் உண்டாவதுண்டு. துடைத்தால் அது பெரும்பாலும் அகலும். டாக்டர் தரும் மருந்தினால் குணமாகும்.

துடைத்தும் அகலாத திட்டு வேறு. புகையிலையை அடக்கும் கன்னத்திலும், பீடி, சுருட்டுப் பிடிப்போர் வாயிலும் அது தோன்றும். அவற்றுள் சில, நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். பாக்கும் குற்றமற்றதன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் முடிவு கண்டது.

ஆகவே, 2 வாரங்களில் மறையாத திட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவையாயின் பெரிய ஆஸ்பத்திரியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள், அஞ்ச வேண்டாம். புகையிலையை விட்டொழித்த பின் பல திட்டுகள் மறைகின்றன. ஆயினும் சோதனையைத் தவிர்த்தல் கூடாது.

இக்கூட்டத்திலும் நம் முன்னே வெற்றிலைத் தட்டு இருக்கிறது. நாமும் அதில் கைவைத்தவர்களே. அடுத்த கூட்டம் முதல் பாக்கும் புகையிலையும் இங்கே வேண்டாம் என்பதை முதல் தீர்மானமாக நிறைவேற்றுவோமாக.