முதல் நாள், முதல் கேள்வி

அது ஜூன் மாதம், பள்ளி திறந்த நாள். ஆறாம் வகுப்புக்குள்ள போனதும் எல்லா டீச்சரையும் போல நானும் கேட்டேன்: "பேர் என்ன? அப்பா என்ன வேலை பார்க்கிறார்?"

மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு எழுந்து பேரைச் சொன்னா. அதுக்கு மேல பேசல. பக்கத்துல இருந்தவதான் மெதுவா சொன்னா, "அவளுக்கு அப்பா இல்ல மிஸ்." ஆகஸ்ட் வரைக்கும் அந்தப் பொண்ணு என்கிட்ட வாயே திறக்கல.

வீட்டு விவரமெல்லாம் எமிஸ் பதிவுல இருக்கு. அதை எல்லார் முன்னாடியும் பிள்ளைங்க வாயால சொல்ல வைக்க வேண்டியதில்லை.

இப்போ நான் கேட்கிறது ரெண்டுதான்: "உன்னை எப்படிக் கூப்பிடணும்? உனக்கு எது நல்லா வரும்?" பதிலை ஒரு நோட்டுல எழுதிக்குவேன். முதல் வாரத்துக்குள்ள எல்லார் பேரும் மனப்பாடம். பாடம் அதுக்கப்புறம்தான்.

புதுசா வேலைக்குச் சேர்றவங்க, முதல் கேள்வியை யோசிச்சுட்டு வகுப்புக்குள்ள போங்க.